புரூனோவின் ஊளை

சவப்பெட்டியில் கிடந்த மாமனாரின் இடது காலில் வெள்ளை சாக்ஸை மாட்ட நோரா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விறைத்துப்போன பாதம் சாமானியத்தில் வழிக்கு வரவில்லை. உயிரோடு இருந்தபோதும் டெஸ்மண்ட் அப்படித்தான். பாதி ஏறிய சாக்ஸோடு அவள் மூச்சு வாங்கியபோது, பின்பக்கம் கட்டியிருந்த புரூனோ ஊளையிட ஆரம்பித்தது.

ஜீவனஹள்ளியின் அந்தச் சந்து முழுக்க ஊளை கேட்டது. ஹாலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு வனஜா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியா நோரா. வாயில்லா ஜீவன். எசமான் போயிட்டாருன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு."

நாலைந்து பேருக்குப் புதிதாக அழுகை வந்தது. ஒருவர் வீடியோ எடுக்கப் பின்பக்கம் போனார்.

நோரா பாதியில் நின்ற சாக்ஸை முழுசாக இழுத்து ஏற்றினாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டு நாய்களுக்குச் சோறு போட்டு, கூண்டு கழுவி, மூத்திர நாற்றம் தலைமுடி வரை ஏறியவள் அவள். நேற்றுச் சாயங்காலம் டெஸ்மண்ட் மாரடைப்பு வந்து நாற்காலியிலேயே சரிந்தபோது, புரூனோ இரண்டடி தள்ளி எலும்பு கடித்துக்கொண்டிருந்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை. இந்த ஊளை எதற்கென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பருவத்துக்கு வந்த பெட்டை ஒன்று பக்கத்தில் எங்கோ நிற்கிறது.

வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். கையில் மலர்வளையத்தோடு நாகேஷ் நின்றிருந்தான். பொம்மசந்திராவில் கம்பெனி வேலை, ஹெப்பகோடியில் வீடு. நாய் வளர்த்துக் குட்டி எடுக்கப் போகிறேன் என்று இரண்டு மாதமாக டெஸ்மண்டிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவன். அவனுக்குப் பின்னால் காரின் கண்ணாடியில் ஒரு இளம் லேப்ரடார் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"சாரிக்கா. அங்கிள் இப்படிப் பொசுக்குன்னு போவாருன்னு நினைக்கவே இல்ல." மலர்வளையத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "ஹனி பருவத்துக்கு வந்து இன்னிக்குப் பதினொண்ணாவது நாள்க்கா. அங்கிள்தான் புரூனோவோட சேக்க இன்னிக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. ரெண்டு நாள் தள்ளினா போச்சு, அடுத்த தரம்தான்னு சொன்னாரு. அதான்..."

துக்க வீட்டுக்கு மலர்வளையமும் கொண்டுவந்து, பெட்டையையும் கூட்டி வந்திருக்கிறானே என்று நோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை நாலு வார்த்தை கேட்பதற்குள் அவள் கணவன் கிளிஃபர்ட் கறுப்பு கோட்டைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. விஷயத்தைக் கேட்டான். மலர்வளையத்தை வாங்கிக்கொண்டான்.

"டாடி குடுத்த கடைசி வாக்கு. தட்ட முடியாது. ஃபாதர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சந்து வழியா பின்பக்கம் கூட்டிட்டு வாங்க. நோரா, நீ வந்து தலையைப் பிடிச்சுக்க."

நாய்களைச் சேர்க்கும்போது எப்போதும் அவள்தான் பெட்டையின் தலையைப் பிடிப்பாள். மிரண்டு நடுங்கும் பெட்டையின் மூஞ்சியைத் துணியால் கட்டி, கழுத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கி, 'ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்லடா' என்பாள். எத்தனை நாய்களிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பாள்! அவளுக்கு அவள் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

பின்பக்கம் போனபோது முதலில் கண்ணில் பட்டது அந்த நீல வாளி. வனஜாவோ யாரோ அதில் தண்ணீர் ஊற்றி, வந்த ரோஜா மாலைகளை வாடாமல் போட்டு வைத்திருந்தார்கள்.

போன வருஷம் டெஸ்மண்ட் புரூனோவுக்குப் பிறந்த பெட்டையையே புரூனோவோடு சேர்த்தார். "ரத்தம் சுத்தமா இருக்கும்" என்றார். ஐந்து குட்டிகள். ஐந்துக்கும் மேலண்ணம் பிளந்திருந்தது. குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. டெஸ்மண்ட் அவற்றை இந்த வாளியில் போட்டுப் பலகையால் மூடி, பலகை மேலேயே உட்கார்ந்து டீ குடித்தார். வாளிக்குத் தண்ணீர் எடுத்து வந்தவள் நோரா.

ஹனியைச் சங்கிலியோடு கூட்டிக்கொண்டு நாகேஷ் வந்தான். சிறுசு. இன்னும் குட்டித்தனம் போகவில்லை. நோராவின் கையை நக்கிவிட்டு வாலை ஆட்டியது. வாலின் நுனி ஒரு பக்கமாக மடங்கி முடிச்சிட்டிருந்தது.

அந்த முடிச்சை நோராவுக்குத் தெரியும். தாய்ப்பால் போதாமல் ராவும் பகலும் சொட்டு மருந்து ஃபில்லரால் பால் விட்டுப் பிழைக்க வைத்த குட்டி.

"இத எங்க வாங்கினீங்க?"

"கடையிலக்கா. எட்டு மாசம் ஆவுது."

"மாமா இதோட வாலைப் பாத்தாரா?"

"பாத்தாரே. பாத்துட்டு சிரிச்சாரு. அது ஒண்ணும் பர்வாயில்ல, சேத்தா நல்ல குட்டி வரும்னாரு."

தெரிந்தேதான் செய்திருக்கிறார். புரூனோ சங்கிலியை இழுத்துக்கொண்டு, எச்சில் ஒழுக, குரல் கம்ம ஊளையிட்டது. உள்ளே ஜெபமாலை மறுபடி ஆரம்பித்திருந்தது.

"நோரா, பிடி," என்றான் கிளிஃபர்ட்.

"பிடிக்க மாட்டேன்." அவள் நாகேஷைப் பார்த்தாள். "இது இந்த வீட்டுக் குட்டி. கடைக்குக் குடுத்ததே மாமாதான். அங்க கத்துறானே, அவன்தான் இதுக்கு அப்பன்."

"நோரா! டாடி பாடி உள்ள இருக்கு."

"அவர் பாடிக்கு நான்தாங்க சாக்ஸ் மாட்டினேன். எனக்குத் தெரியாதா?"

நாகேஷ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அங்கிள் வேற லைன்னு சொன்னாரே. பேப்பர்கூடக் காமிச்சாரு."

"பேப்பரு அவரே எழுதுவாரு. போன தரம் இப்படிச் சேத்தப்போ பொறந்ததுங்களை, இதோ இந்த வாளியிலதான் முக்கினாரு. நான்தான் தண்ணி ஊத்தினேன்."

நாகேஷ் வாளியைப் பார்த்தான். தண்ணீரில் ரோஜாக்கள் மிதந்தன. ஹனியின் சங்கிலியை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டான்.

"மூணு பேருக்குக் குட்டி தரேன்னு சொல்லிட்டேன்க்கா," என்றான் மெதுவாக. "அப்ப வேற நல்ல ஆண் நாய் யாருகிட்டயாச்சும்..."

"இதுவே ஒரு குழந்தை. ரெண்டு வயசாவது ஆகட்டும். டாக்டர்கிட்ட காட்டி இடுப்புக்கு எக்ஸ்ரே எடுங்க. எந்த வீட்டு நாய், அப்பன் யாரு, ஆத்தா யாருன்னு தெரிஞ்சுக்குங்க. பொறக்குறது ஊனமா பொறந்தாலும் வெச்சுக் காப்பாத்த மனசு இருந்தா அப்புறம் யோசிங்க. இல்லன்னா சும்மா வளத்துட்டுப் போங்க."

"அங்கிள் இதெல்லாம் சொல்லவே இல்லக்கா."

கிளிஃபர்ட் கையை ஓங்கினான். கோட்டுக் கை விறைப்பாக நின்றது. பிறகு அதைத் தலையில் வைத்துக்கொண்டு, குப்புறக் கவிழ்த்திருந்த புரூனோவின் சோற்றுத் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதான். நோராவுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள், அப்போதும் வரவில்லை. வாளியிலிருந்த மாலைகளை இரண்டு கையாலும் அள்ளினாள். தண்ணீர் புடவையெல்லாம் சொட்ட, உள்ளே கொண்டுபோய்த் தரையில் போட்டாள்.

ஃபாதர் வந்து ஜெபித்தார். வாயில்லாப் பிராணிகளிடம் டெஸ்மண்ட் காட்டிய அன்பைச் சொல்லும்போது அவர் குரலே இடறியது. பின்பக்கத்திலிருந்து ஊளை பதில் கொடுத்தது. கூட்டம் மொத்தமும் விசும்பியது. ஹனியைக் காரில் ஏற்றிவிட்டு வந்த நாகேஷ் கடைசி வரிசையில் தலை குனிந்து நின்றான். காரை எடுக்க வழியில்லாமல் சந்து அடைத்துக் கிடந்தது.

பெட்டியை வண்டியில் ஏற்றும்போது வனஜா, "அதையும் கூட்டியாங்கப்பா, கடைசியா ஒரு தரம் பாத்துக்கட்டும்," என்றாள். யாரோ புரூனோவை கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அது பின்னங்காலில் எழும்பி, வானத்தைப் பார்த்துக் கத்தியது. பத்துப் பதினைந்து செல்போன்கள் உயர்ந்தன.

சந்து முனையில் சவ வண்டி இடப்பக்கம் திரும்பியது, கல்லறைத் தோட்டத்துக்கு. அதன் பின்னாலேயே போன நாகேஷின் கார் வலப்பக்கம் திரும்பியது. புரூனோ வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாருங்க, எப்படித் துடிக்குதுன்னு," என்றாள் வனஜா.

நோரா ஈரப் புடவையைப் பிழிந்துவிட்டு, கேட்டைச் சாத்தினாள்.