பெரியண்ணனுக்கு ஒரு மரக்கால்

"வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தானே தவிர, இரும்புக் கம்பி இம்மியும் அசையவில்லை. கூடத்துத் தரையில் விரித்த போர்வைமேல் பெரியண்ணன் மல்லாந்து கிடந்தது. தம்பி அதன் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தான். அக்கா கால்மாட்டில் உட்கார்ந்து, குறடால் கம்பியைக் கவ்வி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"பயப்படாம இழுடி! என்ன, பல்லா புடுங்குற?" என்று அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது. ஆனாலும் அதிகாரத்துக்குக் குறைச்சல் இல்லை.

பெரியண்ணன் என்பது ஆள் இல்லை, அப்பாவின் டபுள் பேஸ். நாலு தந்தி, ஆளைவிட உயரம், வயலின் குடும்பத்திலேயே பருமனான உருப்படி. கல்யாணத்துக்கு முன்பே அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதால் அம்மா அதை "உங்க மூத்த பிள்ளை" என்பாள். அப்புறம் பிறந்த இரண்டுக்கும் அது பெரியண்ணன் ஆகிவிட்டது. நிறுத்தி வாசிக்கும்போது அந்தப் பெரிய உடம்பைத் தாங்குவது அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கால்தான். நாற்பத்தைந்து வருஷமாக அது இரும்புக் கால். இன்றைக்கு அதைப் பிடுங்கிவிட்டு மரக்கால் மாட்டியாக வேண்டும். நாளைக்கு மாட்டிப் பிரயோஜனமில்லை.

காலையில் டாக்டர் வந்திருந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கட்டில் பக்கத்திலேயே நின்று, "இன்னைக்குப் பொழுது தாண்டுறது கஷ்டம்மா" என்றார். அப்பாவுக்குக் காது போய் ஆறு வருஷமாகிறது; அந்த வீட்டில் குசுகுசுவென்று பேசும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அப்பா டாக்டரின் முகத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, இன்னைக்கேவா?" என்றார்.

அப்பா மகள் பக்கம் திரும்பி, "அப்ப மரக்காலை இன்னைக்கே மாட்டு. இன்னும் எத்தனை நாள் ஏமாத்துவ?" என்றார்.

அந்தக் கேள்விதான் அவளைத் தைத்தது. அவள் கடைசல்காரி. கடைசல் பட்டறையில் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் கால் கடைவது அவள் தொழில். அவள் கடைந்த கால் ஆடாது, கிறீச்சிடாது. அடியில் தன் கையாலேயே ரப்பர் புஷ் மாட்டித்தான் வெளியே அனுப்புவாள். 'சத்தம் போடாத கால் வேணும்னா அந்தம்மாகிட்ட போ' என்று ஊரில் பேர். பட்டறை திறந்த அன்றைக்கு, வந்திருந்தவர்கள் முன்னால் அப்பா, "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒண்ணு சத்தத்தை உண்டாக்குது, இன்னொண்ணு சத்தத்தை அடக்குது" என்றார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அதனால்தான், இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா, "பெரியண்ணனுக்கு ஒரு மரக்கால் கடைஞ்சு குடு. மரத்துல கால் இருந்தா சத்தம் தரைக்கு இறங்கும்னு சொல்றாங்க. காதுல கேக்காட்டி தரையில கேட்டுக்கறேன்" என்று கேட்டபோது, 'கட்டில் கால் கடையுறவகிட்ட எதுக்குக் கேக்கணும்?' என்று நினைத்துக்கொண்டாள். வேலை அதிகம் என்றாள். நல்ல மரம் கிடைக்கவில்லை என்றாள். அப்பா படுத்த படுக்கையான பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. பட்டறையில் பத்து வருஷம் காய்ந்த கருங்காலிக் கட்டை ஒன்றை எடுத்து, ஒரு வாரமாக இழைத்து இழைத்துக் கடைந்தாள். மேல்முனை கூம்பு, அடிமுனை கட்டைவிரல் பருமன்.

குறடு வழுக்கியது. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தாள். கம்பி கையோடு வந்தது, அவள் பின்னால் போய் விழுந்தாள்.

"உருவிட்டேன்பா!" என்று கத்தினாள். கேட்காது என்று தெரிந்தும் கத்தினாள். அம்மா அறை வாசலில் நின்று, இழுத்தாயிற்று என்று சைகை காட்டினாள்.

மரக்காலைத் துளையில் வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் கூம்பு கச்சிதமாகப் போய் இறுகிவிட்டது. இரும்புக் கால் மாதிரி ஏற்றி இறக்க இதில் வழியில்லை. வாசிக்கிறவனின் உயரத்துக்கு ஒரே வெட்டு. தம்பியைச் செருப்பில்லாமல் நிற்கவைத்து, பேஸை அவன்மேல் சாய்த்து அளந்தாள்.

"இன்னும் ரெண்டு விரல் குறைக்கலாமே" என்றான் தம்பி.

"ஒரு விரல்தான். அப்புறமா வேணா குறைச்சுக்கலாம்டா, கூட்ட முடியாது."

வெட்டினாள், உப்புத்தாள் போட்டாள், கடைசியாகக் கைப்பழக்கத்தில் என்ன செய்வாளோ அதையும் செய்தாள். பெரியண்ணனை அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்கு எதிரே நிறுத்தினார்கள். மாடி வீடு, பலகைத் தரை. தம்பி வில்லை எடுத்தான். ஆர்கெஸ்ட்ராவில் அப்பா நின்ற அதே கடைசி வரிசையில்தான் இப்போது அவன் நிற்கிறான். இரண்டு தந்திகளைச் சேர்த்து நீளமாக ஓர் இழுப்பு இழுத்தான்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உள்ளங்கை கட்டில் சட்டத்தின்மேல் இருந்தது. தம்பி மறுபடியும் இழுத்தான். இன்னும் அழுத்தி இழுத்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அப்பா தலையை ஆட்டினார். இல்லை.

"நல்லா அழுத்துடா!" என்றாள் அவள்.

"வில்லு உடையற அளவுக்கு அழுத்திட்டேன்க்கா. இதெல்லாம் சும்மா கதைன்னு நான் அன்னைக்கே சொன்னேன். இருந்த காலையும் புடுங்கிப் போட்டாச்சு."

"என்னைக்குடா சொன்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த இத்தனை நாளும்?"

"சண்டை போடாதீங்க" என்றார் அப்பா. அவர்கள் வாயசைவே அவருக்குப் போதும். "கண்ணால பாத்தாச்சில்ல. அழகா இருக்கு. போதும், விடு."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கட்டில் கால் கடையுறவளுக்கு வாத்தியம் எதுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்குப் பதில் பேசியிருப்பாள். அப்பா யாருக்கும் போதும் என்று சொல்லி அவள் கேட்டதே கிடையாது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தடவை வாசிடா" என்றாள்.

"எதுக்கு?"

"வாசின்னா வாசி."

தம்பி இழுத்தான். அவள் உள்ளங்கையைப் பலகைமேல் விரித்து வைத்தாள். செத்த பலகை. ஒன்றுமே இல்லை. அப்படியே பார்வை பெரியண்ணனின் காலுக்குப் போனது. கால், காலுக்கு அடியில் கறுப்பாக, வட்டமாக, அவள் கையாலேயே பசை தடவி ஒட்டிய ரப்பர் புஷ்.

"அடிப்பாவி!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "சத்தமே வராதபடி அடைச்சு வெச்சுட்டு, சத்தம் வரலைன்னு உக்காந்திருக்கேனே!"

"பழைய கால்லயும் ரப்பர் இருந்துச்சே?" என்றான் தம்பி.

"அதனாலதான்டா அதுலயும் ஒண்ணும் வரல. தூக்கு, தூக்கு!"

பிய்த்தாள். பசை நல்ல பசை, அவள் பட்டறைப் பசையாச்சே. பாதி நகத்தோடு வந்தது. மரம் பலகையைத் தொட்டது. தம்பி வில்லை இழுத்தான். கைக்கு அடியில் தரை உயிர் வந்து உறுமியது. முழங்கை வரை ஏறியது.

"வருதுடா! தரைக்கு வந்துடுச்சு!"

அப்பா திரும்பவில்லை. அவர் கை இன்னும் சட்டத்தின்மேல்தான் இருந்தது. தரைக்கு வந்தது கட்டிலுக்கு ஏன் ஏறவில்லை? கேட்கவே வேண்டாம். கட்டிலும் அவள் செய்ததுதான். நாலு காலிலும் நாலு புஷ்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுத் தையற்காரம்மா. கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரிக்கோல். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சுக்கோம்மா, சத்தம் ஜாஸ்தியா? இன்னைக்கு ஒருநாள் மட்டும் பொறுத்துக்கோ."

"சத்தம் இல்லக்கா. மேசை மேல வெச்ச கத்தரிக்கோல் தானா நகருது. என்னவோ ஏதோன்னு ஓடி வந்தேன்."

"தானா நகருதா?" கடைசல்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "வாங்கக்கா, உங்களைத்தான் தேடிட்டிருந்தோம். கட்டிலைத் தூக்கணும்."

தம்பியும் அம்மாவும் அவளுமாக ஒரு மூலையைத் தூக்க, தையற்காரம்மா குனிந்து புஷ்ஷை உருவினாள். அப்பா கண்ணைத் திறந்து, "என்னடி, இப்பவே தூக்குறீங்க? இன்னும் உசுரு இருக்குடி!" என்றார். அம்மா கை தளர்ந்து கட்டிலையே விட்டிருப்பாள். அப்படி ஒரு சிரிப்பு. காலையிலிருந்து இறுகிப்போயிருந்த முகம் அது.

மூன்று மூலை ஆயிற்று. நாலாவது புஷ் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. தையற்காரம்மா தன் கத்தரிக்கோலை ஒரு நிமிஷம் பார்த்தாள். துணியைத் தவிர வேறெதையும் அதற்குக் காட்டாதவள். சொந்தப் பிள்ளை காகிதம் வெட்டக் கேட்டபோதே கொடுக்காதவள். "போனாப் போவுது" என்று ரப்பரை நறுக்கென்று வெட்டி எறிந்தாள்.

தம்பி வில்லை வைத்து இழுத்தான்.

முதலில் அப்பாவின் கை நிமிர்ந்தது. சட்டத்தின்மேல் தளர்ந்து கிடந்த விரல்கள் விரிந்து, மரத்தை அழுத்திப் பிடித்தன. அப்புறம் முகம் சுவரிலிருந்து திரும்பியது. தம்பி நிறுத்தவில்லை. அப்பா இடது கையையும் கொண்டுவந்து சட்டத்தில் வைத்தார். புருவம் நெரிந்தது.

"ரெண்டு தந்தியும் ஒத்துப்போகலடா" என்றார் அப்பா. "உள்ள அலை அடிக்குது பாரு, தடதடன்னு. அடித்தந்தி எறங்கியிருக்கு. முறுக்கு."

தம்பி தந்தியைச் சுண்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது, உடனே சிவந்தது. "ஆமாக்கா. எறங்கித்தான் இருக்கு. எனக்கே தெரியல, மயிரிழைதான்!"

அம்மா 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தையற்காரம்மா கைதட்டினாள். கடைசல்காரி எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, பந்தயத்தில் ஜெயித்தவள் மாதிரி அறை நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். நாற்பத்திரண்டு வயசுக்காரி, அப்பாவின் கடைசி நாளில் அப்படி ஆடலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. ஜெயித்தவள் ஆடாமல் பின்னே யார் ஆடுவது?

அதற்கப்புறம் தம்பிக்குத்தான் திண்டாட்டம். ஆறு வருஷப் பசியோடு அப்பா விரட்ட ஆரம்பித்தார். அதை வாசி, இதை வாசி. வேகம் ஜாஸ்தி. வில்லைப் பாதியில் ஏன் தூக்குற? இதையா அங்க போய் எல்லார் முன்னாடியும் வாசிக்கிற, மானம் போகுது. தம்பி வியர்த்துக் கொட்டி, "செவிடா இருந்தப்ப எவ்வளவு நல்ல மனுஷன்" என்று முணுமுணுத்துக்கொண்டே வாசித்தான். சந்தோஷத்தில் அவன் வாய் காதுவரை போயிருந்தது. மதியம் டாக்டர் எட்டிப் பார்த்தார். நாடியைப் பிடிக்கக் கையைக் கேட்டார். அப்பா சட்டத்திலிருந்து கையை எடுக்க மறுத்துவிட்டார்.

வெயில் சாயும் நேரத்தில் ஓர் இடைவேளை விட்டார். மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அங்க நிக்கிறது உன் காலு" என்றார், பெரியண்ணனைக் காட்டி. கட்டிலைத் தட்டினார். "இதுவும் உன் காலு. நடுவுல இருக்கற தரை ஒண்ணுதான் எவனோ போட்டது. இத்தனை நாளா உன்னை என்னவோன்னு நெனச்சிருந்தேன். உன்கிட்டதான் எல்லாம் இருந்திருக்கு."

அவருக்கு எழுதிக் காட்டும் சிலேட்டை அவள் தேடினாள். அப்பா வேண்டாம் என்று தடுத்து, "நீ அழுவறது தெரியுது. எழுத வேண்டாம்" என்றார். அப்புறம் தம்பியைப் பார்த்து விரலைச் சுண்டினார். "பெருசை வாசி. முழுசா."

பெருசு என்றால் அப்பா தன் கடைசிக் கச்சேரியில் வாசித்தது. கால் மணி நேரம் ஓடும். மெதுவாக ஆரம்பித்து, நடுவில் கிடுகிடுவென்று ஏறி, கடைசியில் அடித்தந்தியில் ஒரே ஒரு சுரமாக நீண்டு முடியும். தம்பி கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான். அவள் அப்பாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் சட்டத்தில் வைத்தாள். அவருடைய ஆட்காட்டி விரல் தாளம் போட்டது. ஓரிடத்தில் தம்பி அவசரப்பட, விரல் இரண்டு தட்டுத் தட்டிக் கண்டித்தது. வேகம் ஏறி உச்சிக்குப் போகும் இடத்தில் அப்பா வாய்விட்டு, "அப்படித்தான்!" என்றார்.

அதற்குக் கொஞ்சம் கழித்துத் தாளம் நின்றது.

அவள் அந்த விரலையே பார்த்தாள். கை கீழே விழவில்லை. பிடித்தது பிடித்தபடி இருந்தது. கால்மாட்டில் நின்ற அம்மா ஓர் அடி முன்னால் வந்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். தையற்காரம்மா வாய் திறக்கப் போனாள். அம்மா அவள் கையை இறுகப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். தம்பி கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது. வாழ்நாளிலேயே அவன் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. சங்கீதம் தெரியாத அவளுக்கே அது தெரிந்தது.

கடைசிச் சுரத்தை இழுத்து முடித்து, வில்லை எடுத்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்தான். கண்ணை மூடியபடியே, "என்னவாம்? இப்பவாவது சரியாமா?" என்று கேட்டான்.

"ஒரு நிமிஷம் இருடா" என்றாள் அக்கா. "இன்னும் நிக்கல."

அடித்தந்தி லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. தரையில் இறங்கி, கட்டில் காலில் ஏறி, சட்டத்தின்மேல் இருந்த இரண்டு கைகளுக்கும் வந்துகொண்டிருந்தது. அது தானாக அடங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.