மேல்பை

பிஸ்கட் தொழிற்சாலை மேலாளருக்குத் திடீரென்று சமத்துவம் பிடித்துக்கொண்டது, சிலருக்கு ஜலதோஷம் பிடிப்பதுபோல. "நாம எல்லாரும் ஒரே குடும்பம். இனிமே எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை" என்று அறிவித்தார்.

நீலம் ஒன்றுதான். தொழிலாளிகளின் நீலம் முதல் சலவையிலேயே வாளித் தண்ணீரோடு போய்விட்டது. அவருடைய நீலமோ தையல்காரரிடம் மூன்று முறை அளவு கொடுத்து, தொப்பையைக் காட்டிக்கொடுக்காத விசுவாசத்தோடு தைக்கப்பட்டது. மேல்பையின்மீது தங்க நூலில் பதவி. பைக்குள் தங்கமுலாம் பேனா. கையைக் கிழித்துவிடும்போல் கூரான மடிப்பு. பேக்கிங் பகுதி அக்கா அவருக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அன்றோடு காலாவதி.

ஃபிட்டர் தன் சட்டையை வாங்கிய கையோடு மனைவியிடம் கொடுத்து, மேல்பையின் வாயைத் தைத்து மூடச் சொன்னார். மாவு பிசையும் தொட்டிக்குள் நாளுக்கு நாற்பது தடவை குனிகிறவர் அவர். பை இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது செருகும். செருகியது விழும். விழுந்தது எங்கோ ஒரு குழந்தையின் பல்லில் கடிபடும்.

இஸ்திரியின் கண்ணில் அந்தத் தையல் பட்டது.

"என்னய்யா இது? கம்பெனி குடுத்த பையைத் தைச்சு வச்சிருக்க?"

"குனியிற வேலை சார். ஏதாவது விழுந்துடும்."

"நானும் இதே சட்டைதான் போட்டிருக்கேன். எனக்கு விழுதா?"

குனிந்தால்தானே விழும்? ஃபிட்டர் அதைச் சொல்லவில்லை. ஃபோர்மேன் நாற்காலி காலியாக இருந்தது. பதினாறு வருஷமாக அவர் காத்திருந்த நாற்காலி.

இஸ்திரிக்கும் அது தெரியும். "வெள்ளிக்கிழமை பெரிய வியாபாரிங்க பார்க்க வர்றாங்க. பை திறந்திருக்கணும், உள்ள பேனா இருக்கணும். இல்லேன்னா ஃபோர்மேன் ஆசையை மறந்துடு." கூடவே ஒரு மெமோ: சீருடையைச் சிதைத்த குற்றம்.

மனைவி பிளேடால் தையலைப் பிரித்தார். "பதினாறு வருஷமா உங்க கையைப் பார்க்காதவங்க, இப்பப் பையைப் பார்த்து நாற்காலி குடுக்கப் போறாங்களாக்கும்!"

வெள்ளிக்கிழமை வியாபாரிகள் மூன்று பேர் வந்தார்கள். ஃபிட்டர் தன் மகளின் பேனாவைப் பையில் செருகி, விழாமல் இருக்க நெஞ்சோடு கையால் பொத்திக்கொண்டு, கொடிக்கு மரியாதை செய்பவர்போல் நின்றார்.

"இந்த மெஷினைத் தினமும் நானே செக் பண்ணுவேன்" என்ற இஸ்திரி, ஓடிக்கொண்டிருந்த தொட்டியின் மூடியைத் திறந்து, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாகக் குனிந்தார். பேனாவும் குனிந்தது. நிமிர்ந்தது அவர் மட்டும்.

'டொக்' என்று ஒரு சத்தம். ஃபிட்டர் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தார்.

"ஏன்யா நிறுத்தின?" என்று இஸ்திரி பல்லைக் கடித்தார். பிறகு காதோடு, "மெஷின் கோளாறுன்னு சொல்லு. நாற்காலி உனக்குத்தான்."

ஃபிட்டர் ஒரு கணம் மாவைப் பார்த்தார். சட்டைக் கையைச் சுருட்டி, ஒரு கையால் பையைப் பொத்தியபடி மறு கையை முழங்கை வரை உள்ளே விட்டு, மாவு போர்த்திய பேனாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"யாரோடது இது?" என்றார் ஒரு வியாபாரி.

"இவனோடதுதான்!" இஸ்திரியின் விரல் நீண்டது. "எத்தனை தடவை சொன்னேன், பையில ஒண்ணும் வைக்காதேன்னு!"

ஃபிட்டர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். மகளின் பேனா பத்திரமாக இருந்தது.

"அங்க ஒரு பைதான் காத்து வாங்குது" என்றார் அக்கா, பிஸ்கட் அடுக்குவதை நிறுத்தாமல்.

வியாபாரிகள் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: 'மேலாளரின் நீண்ட ஆய்வின் பயனாக, எல்லா மேல்பைகளும் உடனே தைத்து மூடப்பட வேண்டும். மேலாளருக்கு இது பொருந்தாது.' அன்று காலை பை திறந்த சட்டையோடு வந்த ஃபிட்டருக்கு இரண்டாவது மெமோ. ஃபோர்மேன் நாற்காலியில் இஸ்திரியின் மைத்துனர் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

மனைவி மறுபடி ஊசியில் நூல் கோத்தார்.

ஆனால் இப்போதெல்லாம் இஸ்திரி உள்ளே நுழையும்போதே பேக்கிங் மேசையிலிருந்து ஒரு குரல் கிளம்பும்: "தம்பி, பேனா வருது! தொட்டியை மூடு!"

ஃபிட்டர் மூடுவார். மூடியின்மேல் ஏறி உட்கார்ந்தும்கொள்வார். நாற்காலியைவிட அது உயரம்.