இருநூறு கிராம் பொதியில் ஒரு முகம்

1

காலை பத்தரைக்கு, கொழும்பில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் தேயிலைத் தட்டில், அந்தக் கடையின் பெயரிலேயே வந்திருந்த இருநூறு கிராம் பொதியைப் பார்த்தேன். முன்பக்கத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத்தில் அவள் பெயரும் தோட்டமும் இருந்தன. பொதியைத் திருப்பி வைத்தேன். முகம் சுவர்ப்பக்கம். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கதை அங்கே தொடங்கியது.

(அவள் யாரென்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது.)

2

முதல் தொடக்கம்: பனி விலகாத மலைச்சரிவில் —

விட்டுவிட்டேன். அது பொதியில் போட வேண்டிய வாக்கியம்.

இரண்டாம் தொடக்கம்: ஷஸ்னா. அவளுடைய அண்ணன், அவள் 'நானா' என்று அழைக்கும் நிப்ராஸ், தலவாக்கலையில் தேயிலையைப் பொதி செய்யும் சிறிய ஸ்டோர் நடத்துகிறார். பெரிய கடைகள் தம் பெயரில் விற்கும் பொதிகளுக்கு உறை வடிவமைப்பது ஷஸ்னாவின் வேலை. எந்த உறையிலும் கொழுந்து பறித்தவர் பெயர் இருந்ததில்லை. இதில் இருக்கட்டும் என்றாள். முகத்தோடு.

"அப்ப என்ட மூஞ்சியையும் போடு. தேத்தண்ணி கசக்கட்டும்," என்றார் நிப்ராஸ். ஆனால் சம்மதித்தார். கடைக்காரர்களுக்கும் பிடித்துப்போயிற்று.

[ஷஸ்னாவைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். கதையில் பயம் குறைந்தது. நல்லவளாகவே விட்டிருக்கிறேன்.]

3

டயகமைக்கு மேலே, — [தோட்டத்தின் பெயரை எழுதி அழித்தேன்] — மலையில், தேயிலை நிரைக்கு முன்னால் நின்றவளை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஷஸ்னாவுக்குக் கைகாட்டினார். வினோதா என்று வைத்துக்கொள்வோம். அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

"சினிமாக்காரி, நிமிந்து பாருடி," என்றாள் பக்கத்து நிரை ராக்காயி.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். ஷஸ்னா படம் எடுத்தாள்.

4

அச்சாகி வந்த பொதியொன்றை ஷஸ்னா பரிசாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வினோதா படத்தைக் கட்டைவிரலால் மூடினாள்.

"இது கொழும்புலயும் விப்பாங்களா, மிஸ்?"

எல்லாக் கிளைகளிலும் என்றாள் ஷஸ்னா, பெருமையாக.

வினோதா தன் லயத்து வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். புருஷன் கொழும்பில் மூட்டை தூக்குகிறான். அவன் அவள்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிய அன்று பிள்ளையோடு ஓடிவந்தவள் அவள். இந்தத் தோட்டம் அவனுக்குத் தெரியாது.

"அப்ப ஏன் படத்துக்கு நின்னீங்க?"

"கண்டாக்கையா நிக்கச் சொன்னாரு. நின்னேன்."

(இந்தப் பதிலை நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.)

ஷஸ்னா நானாவுக்குப் போன் செய்தாள். பொதிகளை ஏற்றிய லொறி விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தது.

5

முடிவுகள்.

அ. பொதிகளைத் திருப்பி எடுத்து, முகத்தின்மேலும் பெயரின்மேலும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஒட்டியிருப்பதை உரித்துப் பார்க்காத மனிதர் யார்? அழித்தேன்.

ஆ. வினோதா வேறு தோட்டத்துக்குப் போகிறாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. இறங்கும் டவுனில் அதே கடையின் கிளை.

இ. அவள் புருஷன் அந்த மாதிரிக் கடைகளில் சாமான் வாங்குகிறவன் அல்ல. ஆகவே —

வாங்குகிறவன் அல்ல. லொறியிலிருந்து இறக்குகிறவன்.

6

மிச்சத்தை உங்களிடம் தருகிறேன். நீங்கள் அதே தட்டின் முன் நிற்கிறீர்கள். நான் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த பொதியை ஒருவன் எடுத்து நேராக்குகிறான். தோளில் மூட்டைத் தூசி. பின்பக்கத்தை நிதானமாக வாசிக்கிறான். பிறகு உங்களைப் பார்த்து, மரியாதையாகச் சிரிக்கிறான்.

"நீங்க நம்ம மலைப்பக்கம்தானே? இந்தத் தோட்டத்துக்கு எந்த பஸ்ல போகணும்?"