பதினேழாம் கோபுரம்

எங்கள் மின் அலுவலகத்தின் புதிய தலைவர் முல்லா நசீபுல்லா வரைபடத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறையாக அதைத் திருப்பி வைத்தேன். ஆட்சி முல்லாவின் ஆட்கள் கைக்குப் போய் நான்கு மாதம். பதினேழாம் கோபுரம் வெடித்துச் சாய்ந்தது அதற்கும் முன்பு, ஜூனில். அன்றிலிருந்து ஊருக்கு மின்சாரம் இல்லை. மருத்துவமனை ஜெனரேட்டருக்கும் நேற்றோடு டீசல் தீர்ந்துவிட்டது.

காபூலிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. ‘நிலைமை சீராக எவ்வளவு காலம் ஆகும்?’ என்று அதில் ஒரு கட்டம்.

“என்ன எழுதலாம், இஞ்சினியர் சாகிப்?”

“கண்ணிவெடி எங்க இருக்குன்னு தெரிஞ்சா நாலு நாள்.”

“தெரியலேன்னா?”

“என்னைக் கேட்டா? புதைச்சது உங்க ஆளுங்க.”

அவர் பேனாவை மூடினார். “ஆளுங்க இல்ல. நான்தான்.”

இருபது வருடமாக இவர்கள் சாய்க்க, நான் நிமிர்த்த. பழுது பார்க்க வருகிறவனுக்கென்றே கோபுரத்தைச் சுற்றிப் புதைத்திருந்தார்கள். கோபுரம் சாய்ந்த மறுநாள் என்னோடு வந்த லைன்மேன் ஸல்கை அங்கேதான் ஒரு காலை இழந்தான். அதை இவர் தேநீர்க் கோப்பையை நகர்த்துவதுபோலச் சொல்கிறார்.

“எத்தனை?”

“ஏழு. இல்ல, எட்டு. ராத்திரி நேரம், அவசரம்.”

“ஒண்ணு ஸல்கை கால்ல வெடிச்சுது. அதையும் சேர்த்தா, சேர்க்காமலா?”

அவர் விரல்விட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார். கண்ணிவெடி எடுக்கும் குழுவுக்கு எழுதிப்போட்டு ஆறு வாரம் ஆகிறது. எடுக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஆட்சி மாறியதும் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். யாரைக் கேட்டாலும் பொறு என்கிறார்கள். பொறுத்துக்கொள்வதைத் தவிர இந்த நாட்டில் யாருக்கும் வேறு உத்தியோகம் இல்லை.

“வண்டியை எடுக்கச் சொல்லுங்க, நானே காட்டுறேன்” என்றார்.

சாலையோரம் கிரேனை நிறுத்திவிட்டு இறங்கினோம். தரையில் மெல்லிய பனி. முல்லா பைநிறையக் கல் பொறுக்கிக்கொண்டு தனியாக உள்ளே நடந்தார். பத்தடி போவார், நிற்பார், மலையைப் பார்ப்பார், தாடியைச் சொறிவார், ஒரு கல்லை வைப்பார். பின்னால் நின்ற என் ஆட்கள் குளிரில் கைகளைத் தேய்த்தபடி அவரைத் திட்டினார்கள். வெடித்தால் போகட்டும் என்று ஒருவன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த நொடியே, இவர் செத்தால் மிச்சத்தை யார் காட்டுவது என்று பதறினேன். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

ஆறாவது கல்லை வைத்துவிட்டு அவர் அப்படியே நின்றார்.

“சாகிப், இங்க ஒரு பாறை இருந்துச்சே?”

“ஸல்கை கால்ல வெடிச்சப்ப அதுவும் உடைஞ்சுபோச்சு.”

“அதை வச்சுத்தான் அடையாளம் வச்சிருந்தேன்.” “எந்த இடத்துல இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அது உடைந்து சிதறிய இடத்தில்தான் ஸல்கையைப் படுக்கவைத்தேன். ஆனால் சாலையிலிருந்து கை நீட்டிக் காட்டும் தூரமில்லை.

ஆட்களைப் பார்த்தேன். ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். பனியில் அவருடைய காலடிகள் என்னுடையதைவிடப் பெரியவை. முதல் தடத்துக்குள் காலை வைத்தேன். தூரத்தில் அவர் ஒற்றைக் காலை ஊன்றி, மற்றதை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஆற்றில் நிற்கும் கொக்குபோல அசையாமல் நின்றார்.