இரண்டு மேச்சேரிக் கிடாய்களும் ஒரு கோல்கீப்பரும்

டயர் ரீட்ரேடிங் பட்டறை ஆபீசில் அன்றைய முதல் பில்லைப் போட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. 'காவேரி காளைகள் எஃப்.சி. – அசல் இல்லீங்க' என்பது என் ஃபேஸ்புக் பக்கத்தின் பெயர். சேலத்துக் கால்பந்து கிளப்பான காவேரி காளைகளைக் கிண்டலடிப்பதுதான் அதன் ஒரே வேலை. பத்தொன்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். அதை நடத்துவது சௌந்திரம் என்கிற நாற்பத்தேழு வயதுப் பொம்பளை என்று நாமக்கல்லில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. ரிக் வண்டியோடு வருஷத்தில் பத்து மாதம் மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் குணசீலனுக்கே தெரியாது.

போன வருஷம் கால் முறிந்து மூன்று மாதம் கட்டிலோடு கிடந்தபோது பிடித்த பைத்தியம் இது. போனில் எதையோ தேடப்போய் இவர்கள் ஆட்டம் கண்ணில் பட்டது. நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். அடுத்த ஆட்டத்தில் அஞ்சு. அடேயப்பா, இப்படியும் சளைக்காமல் ஒரு கூட்டம் தோற்குமா! ஆளில்லாத வீட்டில், கட்டுப்போட்ட காலோடு, வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் ஊரில் தினமும் முட்டை விலை அறிவிப்பார்கள் இல்லையா, அதே தோரணையில், 'இன்றைய கோல் கொள்முதல்: ஐந்து. முந்தைய நிலவரத்தைவிட ஒன்று உயர்வு' என்று எழுதிப் போட்டேன். அப்படித் தொடங்கியது. அந்தப் பையன்கள் மட்டும் ஒழுங்காக ஜெயித்திருந்தால் நான் அந்த மூன்று மாதத்தில் அழுதே தீர்ந்திருப்பேன். அவர்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல.

செய்தி அனுப்பியவர் நவநீதகிருஷ்ணன், கிளப்பில் பந்து, பனியன் எல்லாம் பார்த்துக்கொள்கிறவர்.

"ஏனுங்க சார், நீங்க யாருன்னு தெரியாது. கொஞ்சம் கிரவுண்டுக்கு வாங்க. மணிமாறனோட அப்பா ரெண்டு கெடாயோட வந்து நிக்கறாருங்க."

முந்தின நாள்தான் எழுதியிருந்தேன்: 'எங்கள் கோல்கீப்பர் மணிமாறனைக் கொடுத்துவிட்டு இரண்டு மேச்சேரிக் கிடாய்களை வாங்கிக்கொள்ள வடக்கே ஒரு கிளப்போடு பேச்சு நடக்கிறது. கிடாய்களாவது பந்துக்குக் குறுக்கே நிற்கும்.' பையனுக்குச் சொந்த ஊர் கிடாய்களுக்குப் பேர்போன மேச்சேரி என்று தெரிந்துதான் அந்தக் குறும்பு. அவனுக்கு அப்பா ஒருவர் இருப்பார் என்று யோசிக்கவே இல்லை, பாவி நான்.

மேச்சேரியில் ஆட்டுக்கு ஒன்றை மாற்றிக்கொள்வது வேடிக்கைப் பேச்சில்லை, வாராவாரம் சந்தையில் நடப்பது. கயிறு கைமாறுகிற வரைக்கும் பேச்சை முறிக்கலாம் என்பது அங்கே வழக்கம். டீக்கடையில் யாரோ என் பதிவைப் படித்துக் காட்ட, மணிமாறனின் அப்பா காளியண்ணன் தன் பட்டியிலிருந்தே இரண்டு கிடாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கிளப்புக்கு அந்த இரண்டைத் தானே கொடுத்துப் பேச்சை முறிக்கக் கிளம்பிவிட்டார். விளையாட்டு என்று கிளப்பில் எல்லோரும் சொல்லியும் நம்பவில்லை. எழுதின ஆள் நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். மணிமாறன் அவமானம் தாங்காமல் பையைக் கட்டுகிறானாம், இனிமேல் பந்தே வேண்டாம் என்கிறானாம். ஆட்டை விட்டுவிட்டுப் பந்துக்குப் போனவன் என்று அப்பன் அவனோடு பேசி நாலு வருஷம் ஆகிறது என்றும் நவநீதகிருஷ்ணன் எழுதியிருந்தார்.

முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ராசிபுரம் தாண்டுகிற வரைக்கும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அதற்கப்புறம் அதுவும் ஓடவில்லை. ஒரு பையனின் பிழைப்பை நாலு வரியில் கெடுத்துவிட்டேன் என்கிற பயம் மட்டும்தான் மிச்சம்.

கிரவுண்டு கேட்டுக்குப் பக்கத்தில் செம்பழுப்புக் கிடாய்கள் இரண்டும் நின்றன. கயிற்றைப் பிடித்தபடி ஒல்லியாக ஒரு பெரியவர். நேராகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நான்தானுங்க எழுதுனது. வெளையாட்டுக்குங்க. ஒரு பேச்சும் நடக்கலீங்க. மன்னிச்சுக்கோங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா அம்மிணி? அப்ப என்ற பையன யாருக்கும் குடுக்கலியா?"

"இல்லீங்க."

"இனியும் குடுக்கமாட்டாங்களா?"

"குடுக்க நான் உடமாட்டனுங்க." எந்த உரிமையில் அப்படிச் சொன்னேனோ, வாயில் வந்துவிட்டது.

காளியண்ணன் மூச்சை விட்டார். "ரெண்டு பத்தலீன்னா பட்டியவே ஓட்டியாந்தர்றதுன்னுதான் கெளம்புனேன்," என்றார்.

எனக்குப் பின்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மணிமாறன் நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கிடாய்களையே பார்த்தான். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் கேட்டான்.

"ஏப்பா, சாப்புட்டியா?"

"இனிமேத்தான் சாமி."

அவ்வளவுதான் பேசினார்கள். நவநீதகிருஷ்ணன் இட்லி வாங்க ஓடினார். மணிமாறன் என் பக்கம் திரும்பியபோது, சரி, வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த முட்டை வெலைப் பதிவு நீங்க போடறதாக்கா? தோத்த அன்னிக்கு எங்களப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் எழுத மாட்டாங்க. நீங்க ஒருத்தர்தான். ரூமுல சத்தம் போட்டுப் படிச்சுச் சிரிச்சுட்டுத்தான் தூங்குவோம். நிறுத்திறாதீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கட்டிலில் கிடந்த கதையை அவனிடம் சொல்ல நினைத்து, "நீங்க நல்லா இருக்கோணும் சாமி," என்று மட்டும் சொன்னேன்.

இட்லி சாப்பிட்டதும் பயிற்சி தொடங்கியது. கிடாய்களைக் கம்பியில் கட்டிவிட்டு, பெரியவரும் நானும் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அவர் வாழ்க்கையில் பார்க்கிற முதல் பந்தாட்டம். எங்கிருந்தோ வந்த முதல் பந்து மணிமாறன் விரல் நுனியைத் தாண்டி வலையில் விழுந்தது.

"அம்மிணி, உள்ள போனா நமக்கு நல்லதா கெட்டதா?"

"கெட்டதுங்க."

அவர் இந்தக் கம்பத்தைப் பார்த்தார். அந்தக் கம்பத்தைப் பார்த்தார். நடுவில் மகன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அட, இவ்ளோ அகலத்துக்கு ஒத்த ஆளா?"

எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். நான் கூப்பிடுவதற்குள் வலையைச் சுற்றி நடந்து உள்ளே போய் மகனுக்குப் பக்கத்தில் நின்றார். பட்டி வாசலில் ஆட்டை மறிக்கிறவர்போல இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டார். எதிரே பந்தைக் காலடியில் வைத்திருந்த பையன் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.