கிணற்றுக் குரல்

அந்தப் பழைய இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்து, "பாட்டுக்காரரைக் கேக்க ஆரம்பிக்கணும், எந்த ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று வாய் தவறிக் கேட்டவர்கள் யாரும் கால் மணி நேரத்துக்கு முன் தெருவில் இறங்கியதில்லை. கடைக்காரரை எல்லோரும் ஊசிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ரெக்கார்டு பிளேயரின் ஊசியை வேறு எவர் கையும் தொட விடமாட்டார் என்பதால் வந்த பெயர். பாட்டுக்காரர் என்பவர், தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிதாரை மடியில் வைத்துக்கொண்டு தானே பாடி, நாற்பது வருடத்தில் பதினான்கு ஆல்பம் போட்ட மனிதர். அந்தப் பதினான்கில் எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிக்கு ஒதுக்குவது, எதைத் தொடவே கூடாது என்பதில் ஊசிக்காரர் வைத்ததுதான் சட்டம்.

"முதல் தட்டு. 'வாளி நிறைய வெயில்'. அதுல ஆரம்பிக்காதவன் பாட்டுக்காரரைக் கேக்கவே இல்ல" என்பார். துணிக்கடையில் பட்டுப் புடவையை உதறி விரிப்பது போல உள்ளங்கையை விரிப்பார். "இருபத்திரண்டு வயசுப் பையன், எண்பது வயசுக் கிழவன் மாதிரிப் பாடியிருக்கான். கிணத்தோட அடியிலேர்ந்து வர்ற குரல். ஒவ்வொரு பாட்டும் ஏழு நிமிஷம். கிதார்க் கம்பியைக்கூடத் தளர்த்திக் கட்டியிருக்கான், அவ்வளவு துக்கம்."

இரண்டாவதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். "'பூட்டாத அறை'யா? அது வேண்டாம். நடுவுல தொண்டையில ஏதோ நோய். குரல் போயிடுச்சு. கீச்சுன்னு இருக்கும்."

இதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. முதல் தட்டில் அச்சானதே சில நூறுதான், மிஞ்சியது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஊசிக்காரர் தன்னுடையதை, யாரோ வீட்டைக் காலி செய்தபோது, உறையில்லாமல், பழைய செய்தித்தாளில் சுற்றிய நிலையில் வாங்கினார். அதை விற்க மாட்டார். கேட்டவர்களுக்கு கேசட்டில் பதிந்து கொடுப்பார். ஆக, அந்தத் தட்டைக் கேட்ட காது என்று ஊரில் ஒன்று இருந்தால், அது அவருடைய பிளேயர் வழியாகக் கேட்ட காதுதான். மாடியில் இருந்த பல் டாக்டர் அந்த கேசட்டைப் பல் பிடுங்கும் நேரத்தில் போடுவார். அந்தக் குரலுக்கு முன்னால் தன் வலி ஒரு வலியா என்று நோயாளி வாயை மூடிக்கொள்வானாம். இல்லை, திறந்துகொள்வானாம்.

இப்போது ஊசிக்காரருக்கு நல்ல காலம். இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று பதினான்கையும் ஒரே பெட்டியில் போடப்போகிறது. கூடவே ஒரு சின்னப் புத்தகம். அதில் 'எதிலிருந்து தொடங்குவது' என்று எட்டுப் பக்கம் எழுதியது ஊசிக்காரர். கீழே அவர் பெயர். முப்பது வருடம் வாயால் சொன்னது முதல் முறையாக அச்சில் வருகிறது. மணி கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். அன்று பகல் பன்னிரண்டுக்குள் அவர் 'சரி' என்று சொன்னால் அச்சு ஓடும். ஸ்டூடியோவில் பதிந்த மூலநாடா தொலைந்துபோனதால், முதல் ஆல்பத்தை ஊசிக்காரரின் தட்டிலிருந்தே எடுக்க ஏற்பாடு. பாட்டுக்காரர் மட்டும் அந்த ஒன்றுக்குக் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். அதனால் கையெழுத்துக்கு முன் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போக, அவருடைய மகள் காலை பத்தரைக்குக் கடைக்கு வந்தாள்.

நாற்பதை ஒட்டிய வயது. நீதிமன்றத்தில் வேலை. சாட்சிகள் பேசிய ஒலிப்பதிவைக் காலால் ஒரு மிதியை மிதித்து மெதுவாக ஓடவிட்டு, சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்வது. கையில் கட்டுரையின் அச்சுப் படியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"படிச்சேன் சார். நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் புரியல. எங்கப்பாவுக்குத் தொண்டையில நோய்னு எழுதியிருக்கீங்களே, அது எப்ப வந்துச்சு?"

"முதல் தட்டுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுலம்மா. வீட்டுல சொல்லியிருக்க மாட்டாங்க."

"தும்மினாக்கூட மூணு நாள் அதையே சொல்லிட்டிருப்பாரு சார் எங்கப்பா."

ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பல் டாக்டர் சிரிப்பில் குலுங்கினார். நோயாளி யாரும் வராத நேரத்தில் அவர் இருப்பு அங்கேதான்.

"கேளுங்க, அப்புறம் பேசலாம்" என்றார் ஊசிக்காரர். சரக்கின் மேல் நம்பிக்கை உள்ளவன் பேச்சை வளர்க்க மாட்டான். தட்டைத் துணியால் ஒற்றித் துடைத்தார், ஊசியை இறக்கினார்.

கிதார் கனமாக, ஒவ்வொரு கம்பியாக எழுந்து நடந்தது. பிறகு அந்தக் குரல். ஈரமான, இருண்ட, கீழே கீழே போகும் குரல். ஒவ்வொரு வரி முடிவிலும் இன்னொரு ஆண்குரல், அதைவிடக் கொஞ்சம் மேலே, முனகினாற்போலச் சேர்ந்துகொண்டது. பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஊசிக்காரர் வழக்கம்போல மகளின் முகத்தைப் பார்த்தார். எல்லார் முகமும் இரண்டாவது வரியில் உடையும். இவள் முகம் உடையவில்லை. வேலையில் உட்கார்ந்திருப்பவள் முகம் மாதிரி ஆகிவிட்டது. வலது கால் தரையில் எதையோ தேடியது.

"இது எங்கப்பா இல்ல."

"அம்மா, முப்பது வருஷமா..."

"கூடப் பாடறது யாரு?"

"அவரோட அண்ணன்" என்றார் பல் டாக்டர் கண்ணைத் திறக்காமலே. "ஏழாம் பக்கத்துல இருக்கு."

"எங்கப்பா ஒரே பிள்ளை."

டாக்டர் கண்ணைத் திறந்தார். அண்ணன் என்பதை யார் தனக்குச் சொன்னது? ஊசிக்காரர் யோசித்துப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. எந்த வருடத்திலோ, எந்த வாடிக்கையாளரிடமோ, பேச்சுச் சுவைக்காக அவரே சொன்னது. அது ஊரைச் சுற்றிவிட்டு, இன்னொருவர் வாயால் அவர் காதுக்கே திரும்பி வந்து, உண்மையாகிவிட்டிருந்தது.

பாட்டு முடிந்தது. முடிந்த இடத்தில் ஒரு சத்தம் உண்டு: ஹோ... ஹோ... ஹோ... என்று தொண்டைக்குள் இழுபடுவது. "அழறார் பாருங்க" என்று கிசுகிசுத்தார் ஊசிக்காரர். அவருக்கு உயிரான இடம் அது. கட்டுரையில் அரைப் பக்கம் அதற்கே ஒதுக்கியிருந்தார்.

மகள் எழுந்து நின்றுவிட்டாள். "சார், இது அழுகை இல்ல. நான் நாள் பூரா கேக்கற சத்தம் இது. சாட்சி சிரிச்சா, மெதுவா ஓட்டுறப்ப இப்படித்தான் கேக்கும். மூச்சு இழுக்கறது பாருங்க எவ்வளவு நீளம். எந்த மனுஷனுக்கும் அவ்வளவு நுரையீரல் கிடையாது. தட்டு மெதுவா ஓடுது."

"என் பிளேயர் மெதுவா ஓடுதா?" ஊசிக்காரருக்குச் சுருக்கென்றது. "மாசம் ஒரு தடவை சரி பாக்கறேன். நிமிஷத்துக்கு முப்பத்துமூணு சுத்து, துளி பிசகாது."

"இந்தத் தட்டு எந்த வேகம்னு போட்டிருக்கு?"

தட்டின் நடுச் சீட்டை மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். பாட்டுகளின் பெயர் இருந்தது. பக்கம் ஒன்று என்று இருந்தது. வேகம் எங்கேயும் இல்லை. அது உறையில் இருந்திருக்கலாம். உறைதான் இல்லையே. பெரிய தட்டு என்றால் முப்பத்துமூன்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து. தொழிலில் இறங்கிய முதல் நாள் தெரிந்துகொள்வது அது. பெரிய தட்டில் பக்கத்துக்கு மூன்றே பாட்டை வைத்து, சத்தம் தெளிவாக இருக்கட்டும் என்று நாற்பத்தைந்தில் பதிகிறவர்களும் உண்டு. அதுவும் அவருக்குத் தெரியும். தெரிந்தே, ஒரு நாளும் தோன்றவில்லை.

வேக விசையில் தூசி இறுகியிருந்தது. நகத்தால் நெம்பித்தான் தள்ள முடிந்தது. ஊசியை மறுபடி முதல் பாட்டில் வைத்தார்.

ஒரு பொடியன் பாடினான். மெல்லிய, துள்ளுகிற, கீச்சுக் குரல். கிதார் குதித்தது. வாளியில் வெயிலை மொண்டு அவள் தலையில் ஊற்றுவேன் என்று பாடினான். இத்தனை வருடம் ஊசிக்காரர் சாவுத் தண்ணீர் என்று விளக்கம் சொன்ன வாளி, குளிக்கிற வாளிதான். வரி முடிவில் ஒரு பெண் சேர்ந்துகொண்டாள். இளம்பெண். பாதி பாடி, பாதி சிரிப்பை அடக்கி. கடைசியில் அடக்க முடியாமல் சிரித்தே விட்டாள்.

ஊசி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது.

"ஐயோ" என்றார் பல் டாக்டர் மெதுவாக. "இதைப் போட்டா நான் பல்லைப் புடுங்கினேன்?"

ஊசிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. தளர்த்திக் கட்டிய கம்பி, தொண்டை நோய், அண்ணன், அழுகை, எல்லாம் ஒரு சின்ன விசை. சந்தையில் ஏமாந்தால் ஏமாற்றியவனைத் திட்டலாம். இதில் விற்றவனும் அவரே, வாங்கியவனும் அவரே.

மகள் கைப்பேசியை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். "அப்பா, முதல் தட்டுல உங்ககூடப் பாடறது யாரு?"

எதிர்முனையில் ஓடிக்கொண்டிருந்த வானொலி நின்றது.

"அதுல யாரோ கிழவன் பாடறான்னுதானேம்மா ஊர்ல சொல்றாங்க" என்றது வயதான, மெல்லிய குரல்.

"சரியான வேகத்துல கேட்டேம்பா."

பிறகு, "உங்கம்மா" என்றார்.

அவள் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு வயது முடியுமுன் போய்ச் சேர்ந்தவள் அம்மா. ஒரே ஒரு புகைப்படம்தான் உண்டு. "அம்மா குரல் எதுலயுமே இல்லன்னு சொன்னீங்களேப்பா."

"அவ போனப்புறம் அந்தக் குரலைக் கேக்கத் தாங்கலம்மா. என்கிட்ட இருந்ததை உடைச்சிட்டேன். கடைகள்ல கிடைச்சதையும் வாங்கி உடைச்சேன். ஒண்ணு தப்பிச்சிருச்சு. அந்தக் கடைக்காரர் அதைத் தப்பான வேகத்துல ஓட்டறார்னு எனக்கு எப்பவோ தெரியும். மேடையில நின்னா, அந்தக் கிணத்துக் குரல்ல பாடுங்கன்னு கீழேருந்து கத்துவாங்க. என்னடான்னு விசாரிச்சேன். அப்புறம் யோசிச்சேன். அவர் அப்படியே ஓட்டட்டும், அப்ப யாரும் அவளைக் கேக்க முடியாதுல்ல. நல்லதுன்னு விட்டுட்டேன்."

ஊசிக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். முப்பது வருடமாகத் தன்னைப் பாட்டுக்காரரின் வாசல்காவலன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். காவலுக்கு வைக்கப்பட்டவர்தான், ஆனால் என்ன காவல் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"அந்தக் கட்டுரை அப்படியே வரட்டும்மா" என்றது குரல். "அவரையும் சங்கடப்படுத்த வேண்டாம். எனக்கும் அது வசதி." பேச்சு முடிந்தது.

மணி பதினொன்று நாற்பது.

பல் டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். "பாத்தீங்களா, அவரே சொல்லிட்டாரு. விசையைத் திருப்பி வைங்க. நம்ம மூணு பேர் வாயை மூடிட்டா விஷயம் முடிஞ்சுது. வாய் மூடறதைப் பத்தி என்கிட்டக் கேளுங்க."

நியாயமான பேரம்தான். பெயர் தப்பும், எட்டுப் பக்கம் அச்சாகும், பெரியவர் மனசும் நோகாது. ஊசிக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படி அச்சானால், அந்தப் பெட்டியை வாங்குகிற ஒவ்வொருவனும் இல்லாத அண்ணனைக் கேட்பான். அந்தப் பெண் முனகும் கிழவனாகவே இருந்துவிடுவாள். இந்த முறை தெரிந்தே.

"உங்களுக்கு என்னம்மா தோணுது?" என்றார் மகளிடம்.

"பெட்டிக்கு இது வேண்டாம் சார். அப்பா சொல்றது எனக்குப் புரியுது. ஆனா எனக்கு வேணும்." தட்டு வரிசைகளைப் பார்த்தாள். "ரெண்டாவது தட்டு இருக்கா? பூட்டாத அறை?"

இருந்தது, எவருக்கும் விற்காமல், விற்க விடாமல் அவரே பின்வரிசையில் தள்ளி வைத்தது. எடுத்துப் போட்டார், முப்பத்துமூன்றில், இந்த முறை நடுச் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு. அதே கீச்சுக் குரல். முதல் தட்டின் பொடியனேதான், நோயும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் கிதாரை நிறுத்திவிட்டு இரண்டு மூச்சு நேரம் சும்மா இருந்தான். அப்புறம்தான் அடுத்த வரி.

"அம்மா போன மறு வருஷம் பாடினது" என்றாள் மகள். "சின்ன வயசுல இந்த இடம் வந்தா நான் கை தட்டுவேன். அப்பா எனக்காகத்தான் நிறுத்தறார்னு நினைச்சுட்டிருந்தேன்."

வரி முடிந்தது. இரண்டு மூச்சு. மூன்று பேரும் அந்த வெறுமையைக் கேட்டார்கள். அதில் யார் பாடியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிந்தது. பல் டாக்டர் மூக்கை உறிஞ்சினார். இந்தத் தட்டைக் கேட்காதே என்று தான் துரத்திவிட்டவர்கள் எத்தனை பேர் என்று ஊசிக்காரர் எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் விட்டார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கம்பெனிப் பதிப்பாசிரியரைக் கூப்பிட்டார்.

"சரின்னு சொல்லிடுங்க சார், மெஷின் காத்துட்டிருக்கு" என்றார் அவர்.

"சரி இல்ல. நான் எழுதினது முழுக்கத் தப்பு. எடுத்துருங்க. பேரையும் எடுத்துருங்க. பெட்டியில பதிமூணுதான் வரும், முதல் தட்டு கிடைக்கல."

"கிடைக்கலயா? உங்க கையிலதானே இருக்கு!"

"இருந்துச்சு" என்றார். தட்டைச் சுத்தமான வெள்ளை உறையில் போட்டு மகள் பக்கம் நகர்த்திவிட்டிருந்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சார், எட்டுப் பக்கம் வெறுமையா இருக்கே, நான் என்ன பண்ணுவேன்? எதுல ஆரம்பிக்கணும்னு ஒரு வரியாவது கொடுங்க."

"ரெண்டாவதுல."

"ரெண்டாவதா? ஊரெல்லாம் அதைத் தொடாதேன்னு சொன்னவரு நீங்க! காரணம் கேப்பாங்களே?"

"தட்டைக் கேட்டா அவங்களுக்கே தெரியும்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா, என்னை மாதிரி முப்பது வருஷம் இருந்துட்டுப் போகட்டும்" என்று ஊசிக்காரர் கைப்பேசியை வைத்தார்.