ஜெகநாதன் காத்த ரகசியம்

நாடு எந்தத் தேதியில் கெட்டது என்று கேட்டால் ஜெகநாதன் சொல்லமாட்டார். எதனால் கெட்டது என்று கேட்டுவிட்டால் போதும், அரை மணி நேரம் உங்களை விடமாட்டார். வாயால்தான் கெட்டது என்பார். பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் ஏவுகணை வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். அத்தனை வருடமும் என்ன வேலை என்று யார் கேட்டாலும் "ஆபீஸ் வேலை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சேரும்போது எழுதிக் கொடுத்த உறுதிமொழி அப்படி. கட்டிய மனைவி பகவதிக்கும் அதே பதில்தான்.

"அப்பல்லாம் தேசபக்தி கையில இருந்துது, இப்போ தொண்டையில இருக்கு" என்பார், தெலுங்கு ஊரான உப்பலில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியைச் சுற்றி நடக்கும்போது. மந்திரி கேமராவைப் பார்த்து அழுவது, ராக்கெட் கிளம்பியதும் தெருவில் கேக் வெட்டுவது, கேள்வி கேட்டவனைத் துரோகி என்பது, சாவு வீட்டில் செல்ஃபி எடுப்பது எல்லாமே அவருக்கு ஒரே வியாதிதான். சும்மா சொல்லக்கூடாது, பாதிக்கு மேல் நியாயமான பேச்சு. ஆனால் தினமும் கேட்டால் நியாயமும் புளித்துப்போகும். அவர் லிஃப்டில் நிற்பதைப் பார்த்தால் படியேறிப் போகிறவர்கள் அங்கே உண்டு.

யூடியூப் சேனல் ஒன்று அவரைப் பேட்டிக்கு அழைத்தது. "நக்கோ பாபு", வேண்டாமப்பா, என்று அந்த ஊர்ப் பேச்சில் சொல்லிப் போனை வைத்துவிட்டார். சேனல்காரர்கள் சாய்கிருஷ்ணாவிடம் போனார்கள். சாய்கிருஷ்ணா அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். நல்ல மனிதர்தான், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீடியோ அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பகவதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாள். ஜெகநாதன் எதிரே பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். சாய்கிருஷ்ணாவின் தெலுங்கு அவளுக்கு நன்றாகவே புரியும்.

எண்பத்தாறில், கடலோரச் சோதனைத் தளத்தில், ஏவுவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது எங்கள் ஜெகநாதன் சாருக்குத் தந்தி வந்தது என்று ஆரம்பித்தார் சாய்கிருஷ்ணா. குழந்தைக்கு ரொம்ப சீரியஸ் என்று தந்தி. டைரக்டரே கூப்பிட்டு, ஸ்டேஷன் வரை ஜீப் தருகிறேன், கிளம்பு என்றார். சாரோ தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேலையை முடித்துவிட்டுப் போகிறேன் என்றார். இன்றைக்கு அப்படி ஒரு தேசபக்தனைக் காட்டுங்கள் பார்ப்போம். பின்னணியில் முரசு முழங்கியது. வீடியோவுக்குக் கீழே கமெண்டுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் கைகூப்பியிருந்தார்கள்.

பகவதி கத்தியைத் தட்டில் வைத்தாள்.

அவர்களுடைய மகள் சாருவுக்கு அப்போது நாலு வயது. மூளைக்காய்ச்சல். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செலின்தான் தபால் நிலையத்துக்கு ஓடித் தந்தி கொடுத்தாள். குழந்தையைப் புதைத்தபோது தகப்பன் இடத்தில் நின்று மண் தள்ளியது செலினின் கணவர் எட்வர்ட். ஜெகநாதன் வந்தது அதற்கும் ஐந்து நாள் கழித்து. தந்தி கைக்குக் கிடைக்கவே இல்லை, அந்த ஊர்த் தபால் அவ்வளவு லட்சணம் என்றார். பகவதி நம்பினாள். நம்பியதால்தான் இத்தனை வருடம் அவருக்குச் சோறு போட முடிந்தது. முகம் தெரியாத ஒரு தபால்காரனை மட்டும் மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

"தந்தி வந்துச்சா?" என்று கேட்டாள்.

"அந்த வேலையப் பத்தி வெளிய பேசப்படாது, பகவதி. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"வேலையப் பத்திக் கேக்கல. தந்தி வந்துச்சான்னு கேக்கேன்."

அவர் பேப்பரை மடித்தார். "வந்துச்சு."

"எந்தக் கிழம?"

"செவ்வாக்கெழம. மத்தியானம்."

"அன்னைக்கே ரயிலேறிருந்தா புதன் ராத்திரி வந்திருப்பீங்க. வியாழன் விடியக்காலம்தான் புள்ள போச்சு. அப்பா எப்ப வருவாங்க, எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டே கெடந்துச்சு."

ஜெகநாதன் மடித்த பேப்பரை மறுபடி விரித்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும். வேறு பேச்சு பழகாத மனிதர், பாவம், வாயில் வந்தது இதுதான்: "எதை வெளிய சொல்லணும், எதைச் சொல்லப்படாதுன்னு இந்த நாட்டுல ஒருத்தனுக்கும் தெரியல. இதத்தான் நான் தெனமும் சொல்லுதேன்."

"அவன் வாய மூடிட்டு இருந்தா நான் தெரியாமலே செத்திருப்பேன்," என்றாள் பகவதி. "ஒங்களுக்கு அதான வேணும்?"

அந்தத் தளத்தில் அவரைத் தவிர அந்த வேலையைச் செய்ய இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். வேறு ஆள் இருந்ததா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே இருக்கவேண்டுமே என்று அவர் வேண்டிக்கொண்டார்.

சாயங்காலம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அபிநவ் வந்தான். வீடியோ பார்த்து அழுதுவிட்டதாகத் தெலுங்கில் சொல்லி, அங்கிளின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். குடியரசு தினத்தன்று மேடையில் பொன்னாடை போர்த்த வேண்டும், மறுக்கக்கூடாது என்றான். ஜெகநாதன் வேண்டாம் என்று தலையசைப்பதற்குள் பகவதி அவனிடம், வருவார், நானே கூட்டி வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"எனக்கு வேண்டாம், பகவதி," என்றார், கதவு மூடியதும்.

"எம்புள்ளயக் குடுத்து வாங்குனது. சபையில வாங்கிக்கிடுங்க."

இருபத்தாறாம் தேதி கொடியேற்றிய பிறகு அபிநவ் மைக்கைப் பிடித்து அந்தக் கதையை முழுசாகச் சொன்னான். தந்தி, ஜீப், சட்டைப்பை எதையும் விடவில்லை. நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் பட்டுப்புடவையில் நின்ற பகவதியும் தட்டினாள். கூட்டம் தட்டி முடித்து உட்கார்ந்தது. அவள் உட்காரவில்லை. மேடையில் நின்ற கணவரின் முகத்தைப் பார்த்தபடி, ஒற்றை ஆளாகத் தட்டிக்கொண்டே இருந்தாள்.